பச்சைக் கவுன், வெள்ளைப் புள்ளி

ஹட்டனில் மலிவாகத் துணி எடுக்க வேண்டுமானால் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் துணியை மடித்து அடுக்கியிருப்பார்கள், விரலால் காட்டினால் போதும், எடுத்துப் போடுவார்கள். ஆனால் எங்களில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளுகிறோம்? உள்ளே நிற்கிறவன் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பான். எங்களுக்கு நடைபாதைதான். பலகை மேசை மேல் துணியைக் குவியலாகக் கொட்டியிருப்பார்கள். கார்மென்ட்ஸில் கழித்துவிட்டது, தையல் கோணியது, பொத்தான் குறைந்தது எல்லாம் அதில் கிடக்கும். நல்லதும் கிடக்கும், ஆனால் அடியில் கிடக்கும். இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுத் தோண்டினால்தான் வரும்.

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாக்கள் காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மதியம் வந்து பால் கொடுப்பார்கள், சாயங்காலம் தூக்கிப் போவார்கள். இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது.

நடந்தது போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அதை அதற்கும் முந்தின வருஷத்திலிருந்து சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் எட்டு வீட்டிலும், துணி எடுக்கும் பொறுப்பை நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முழு ரோலாக எடுத்தால் விலை குறையும். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு ரோலைப் பேசி முடித்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் தையல் மெஷின் இருந்தது. லயத்துப் பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே கவுனாகத் தைத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கேடி, பேண்டு வாசிக்கப் போற புள்ளைங்க மாதிரி" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

"இருக்கட்டும்க்கா. திருவிழாக் கூட்டத்துல நம்ம புள்ளைங்களத் தேடவே வேண்டாம். தூரத்துல இருந்தே தெரியும்" என்றேன் நான்.

நானேதான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இந்த ரோல் ஒன்றுதான் வந்தது, வேறு யாருக்கும் கிடைக்காது என்று அந்தக் கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். படுபாவி. எத்தனை தோட்டத்துக்கு அதே சத்தியத்தைச் செய்தானோ.

அந்த ஞாயிறு நானும் என் மகளும் காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். அவளுக்கு ஆறு வயது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கு முந்தின நாள் ரயிலில்தான் வருவார். புதுத்துணி எடுக்கப் போகும்போது போன வருஷத்துத் தீபாவளித் துணியைப் போட்டுக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வீட்டில் இருப்பதில் நல்லது அதுதானே. என் மகளும் பச்சைக் கவுனில்தான் வந்தாள். முன்பல் விழுந்திருந்தது, வழியெல்லாம் அந்த ஓட்டையில் நாக்கை விட்டுக்கொண்டே வந்தாள்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். எல்லாத் தோட்டமும் அன்றைக்கு ஹட்டனில்தான் நின்றது. ஒரு குவியல் கடைக்காரர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எது எடுத்தாலும் ஒரே வெல! வாங்க தங்கச்சி, வாங்க அக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் முண்டியடித்து மேசையோரம் நின்றேன்.

"அம்மா சீலையப் புடிச்சுக்க. விட்ட, தோல உரிச்சிருவேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அவள் கையை விட்டேன். இரண்டு கையையும் துணிக்குள் விட்டேன்.

அடியில் ஒரு சிவப்புக் கவுன் சிக்கியது. கழுத்தில் லேஸ், தையலில் ஒரு கோணல் இல்லை. இழுத்தேன். வரவில்லை. மறுமுனையை வேறொருத்தி பிடித்திருந்தாள். என் வயசுதான் இருக்கும், மெலிந்த பெண்.

"நான்தாங்க மொதல்ல எடுத்தேன்" என்றாள்.

"எடுத்தவங்க கையிலதானே இருக்கணும்? விடுங்க."

"எம் புள்ளைக்கு அளவு சரியா இருக்குங்க."

"எம் புள்ளைக்கும்தான்."

ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். வந்துவிட்டது. அவசரமாகக் காசைக் கொடுத்தேன். அவள் மறுபடி வந்து வம்புக்கு நிற்பாளோ என்று பயம். குனிந்துகூடப் பார்க்காமல் இடுப்போரம் தெரிந்த பச்சைக் கவுனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம். சனியன் பிடித்த சந்தோஷம்.

நாலைந்து கடை தள்ளி ஒரு செருப்புக்கடை. உள்ளே போய், "இதுக்கு அளவா ஒன்னு காட்டுங்க" என்று பிள்ளையைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

முன்பல் இருந்தது. நாடியில் ஒரு மச்சம் இருந்தது.

என் பிள்ளை இல்லை.

அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை கையைப் பிடித்து அதட்டி இழுத்தால் தோட்டத்துப் பிள்ளைகள் பேசுமா? பேசாது. எனக்குத் தெரியாதா? தினமும் பார்க்கிறவள்தானே. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எதுவும் தெரியவில்லை. "ஐயோ எம் புள்ள!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

குவியல் கடையில் மகள் இல்லை. அந்த மெலிந்த பெண்ணும் இல்லை. மேசையைச் சுற்றி ஓடினேன். பச்சையில் வெள்ளைப் புள்ளி ஒன்று கண்ணில் பட்டது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு பிள்ளை. அந்தப் பக்கம் இன்னொன்று. அதுவும் வேறு பிள்ளை. தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைக் கவுன் போகிறது, வருகிறது, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தகப்பன், "ஏய், கைய எடு, பைத்தியமா நீ?" என்று என்னைத் தள்ளிவிட்டான். பைத்தியம்தான். ஆறு வயதுப் பிள்ளை. பஸ் வரும், ஓட்டோ வரும், எவன் எவனோ வருவான்.

கடைக்காரரின் காலில் விழாத குறை. "அண்ணே, எம் புள்ளையக் காணோம்ணே. கூப்புடுங்கண்ணே."

"அழாத தங்கச்சி. என்னா போட்டிருக்கு புள்ள?"

வாய் வந்ததைச் சொன்னது. "பச்சைக் கவுன். வெள்ளைப் புள்ளி."

அவர் தமிழிலும் கூப்பிட்டார், சிங்களத்திலும் கூப்பிட்டார். மழை வேறு பிடித்துக்கொண்டது. மேசைக்கு மேலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை நாலு பக்கமும் தொங்கவிட்டுவிட்டு, அதற்குள் நின்று விடாமல் கூப்பிட்டார். சனங்கள் நல்ல சனங்கள். தேடினார்கள், கொண்டுவந்தும் விட்டார்கள். முதலில் ஒரு பச்சைக் கவுன். என்னுடையது இல்லை. பொலிஸ்காரர் ஒருவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் அம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். அடுத்தது வந்ததைப் பார்த்து எழுந்தே விட்டேன். பின்னாலேயே எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

"இது எம் மகடி! ஒன் மக எங்கடி?"

தைத்தவளே கேட்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு அந்த ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தெய்வமே, அந்த ஒன்றை மட்டும் கொடு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அழுதேன்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து அந்த மெலிந்த பெண் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். அவள் பிடியில் என் மகள்.

எப்படிப் பாய்ந்தேன், எப்படிக் கட்டிப் பிடித்தேன் என்று தெரியாது. அவள் மூச்சு வாங்க நின்றாள். "கவுனப் பாத்து எம் புள்ளைன்னு கையப் புடிச்சேங்க. மூஞ்சியப் பாத்தா நம்ம புள்ள இல்ல. ஒங்களோடதுன்னு புரிஞ்சிச்சு. பஸ்ஸுல ஏறிட்டீங்களோன்னு ஸ்டாண்டு பூரா தேடுனேன்." சொல்லிக்கொண்டே என் இரண்டு பக்கமும் பார்த்தாள். "எம் புள்ள எங்கங்க?"

என் கை இரண்டும் என் மகளைச் சுற்றித்தான் இருந்தன.

"செருப்புக்கடையில..." என்றேன்.

மூன்று பேரும் ஓடினோம். பெஞ்சு காலியாக இருந்தது. "நீங்க ஓடுனதுமே அதுவும் அழுதுக்கிட்டு வெளிய ஓடிருச்சே" என்றார் செருப்புக்கடைக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். "கைய விட்டுட்டீங்களா?"

"ஆமாங்க."

"தெரியாத ஊருல எம் புள்ளைய விட்டுட்டு ஓடிட்டீங்களா?"

"ஆமா."

பளாரென்று ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தாலும் வாங்கியிருப்பேன். பிறகு அவள் நடுத்தெருவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்ட சத்தம் இருக்கிறதே, அது கொஞ்ச நேரத்துக்கு முன் நான் போட்ட அதே சத்தம். என் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், ஆனாலும் எனக்கு உயிர் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு பிள்ளைக் காம்பராக் கதவைத் திறப்பேன்?

மறுபடி ஒலிபெருக்கி. மறுபடி பச்சைக் கவுன், வெள்ளைப் புள்ளி. ஏற்கனவே வந்த பிள்ளைகளையே மறுபடி கொண்டுவந்தார்கள். தெருவின் மேல் முனை வரை ஓடினோம், ஸ்டேஷன் பக்கம் ஓடினோம். அவள் எனக்கு முன்னால் ஓடினாள், ஒரு தரம்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பக் குவியல் கடைக்கு வந்தபோதுதான் என் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. பயந்த பிள்ளை கூப்பிட்டால் வராது. காம்பராவில் பயந்த பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில்தான் போய் ஒளியும், கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போகும். அம்மாவைக் கடைசியாகப் பார்த்த இடம் இந்த மேசை. நான் மண்டி போட்டுப் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினேன்.

மேசைக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலேதான் அத்தனை நேரமும் அந்த மனுஷர் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வா கண்ணு. அம்மாகிட்ட போவோம். கையக் குடு" என்று கையை நீட்டினேன்.

பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது.

எத்தனை பிள்ளைகளைச் சமாதானம் செய்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் அம்மாவை விட்டு என்னிடம் தாவியிருக்கின்றன. இது மூட்டையோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நான் விலகினேன். அதன் அம்மா உள்ளே தவழ்ந்து போய் அள்ளிக்கொண்டு வந்தாள்.

சிவப்புக் கவுன் இன்னும் என் கக்கத்தில் இருந்தது. அவளிடம் நீட்டினேன். "வேண்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் போனபிறகு அந்தக் கவுனைக் குவியலின் மேல் போட்டுவிட்டு வந்தேன். வேறொன்றும் வாங்கவில்லை.

பஸ்ஸில் மகள் என் மடியில் உட்கார்ந்து வலது கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி விரல் தடம் சிவந்திருந்தது.

"வலிக்குதாடி?"

"ம். விடுங்கன்னு சொன்னேம்மா. ஒங்கம்மா கையிலதான் குடுப்பேன், அது வரைக்கும் விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை பிள்ளைக் காம்பரா வாசலில், மலைக்குப் போகிற ஒரு அம்மா வழக்கம்போலத் தன் மகளின் கையை என்னிடம் நீட்டினாள். "புடிங்கக்கா, பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு" என்றாள். எனக்குக் கை நீளவில்லை.