காற்றுக்கு வாடகை கட்ட மறுத்த டிம்ஃபி

டிம்ஃபி ஸ்மல்டர்ஸ் சிரித்தால் எங்கள் தெருவின் இரண்டு முனைகளுக்கும் கேட்கும். எங்கள் ஊரான டில்பர்க்கின் நீச்சல்குளத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தவள். குளத்தைப் புதுப்பித்தபோது அவள் இடத்தில் ஓர் இயந்திரத்தை நட்டுவைத்தார்கள். "அதுக்குச் சிரிக்கத் தெரியுமா?" என்று மேலாளரிடம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் புருஷன் டோன் மல்லாந்து படுத்தால் குறட்டை விடுவான். அவனை ஒருக்களித்தே கிடக்கவைக்க, ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தலையணை தைத்தாள். அரசர் பிறந்தநாளன்று ஊரே ஆரஞ்சு உடுத்தும், அதற்கு வாங்கி மிஞ்சிய ஆரஞ்சுத் துணி கொஞ்சம் கிடந்தது. அதில் ஓர் அலகு வைத்தாள். வாத்து ஆகிவிட்டது. டோன் அதைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கினான். தெருவில் குறட்டைக்காரர்களுக்குப் பஞ்சமா? ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். மூன்று வருஷத்தில் வாத்துகள் போர்ச்சுகலில், போர்டோவுக்குப் பக்கத்து ஊர்த் தையற்கூடம் ஒன்றில் தைக்கப்பட்டு, லாரியில் வந்து, ஆன்லைன் சந்தையில் விற்பனையாகத் தொடங்கின. அந்தச் சந்தைக்காரர்களின் கிடங்கு எங்கள் ஊர் எல்லையில்தான் இருக்கிறது. அதன் வாசலில் சரக்கு இறக்கி அளந்து உள்ளே அனுப்புவது என் வேலை. டிம்ஃபிக்கு அடுத்த வீட்டுக்காரியும் நான்தான்.

போன அக்டோபரில் ஒரு காலை, கையில் போனோடு என் சமையலறைக்குள் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. பயந்துபோனேன்.

"ரீக், இதப் படி. எனக்குக் கண்ணு சரியில்லையா, இல்ல இவனுங்களுக்கு மூளை சரியில்லையா?"

சந்தையிலிருந்து வந்த கடிதம். கோடையில் உங்கள் சரக்கு மெதுவாக நகர்ந்ததால், பண்டிகைக் காலத்துக்கு உங்கள் இட வரம்பு முப்பத்தாறு கனமீட்டரிலிருந்து பதினொன்றாகக் குறைக்கப்படுகிறது. ஆண்டு முடியும்வரை இட வாடகை மூன்று மடங்கு. வரம்பை மீறினால் தனிக் கட்டணம்.

"கோடைல யாருடி வாத்தக் கட்டிக்கிட்டுத் தூங்குவா? வேர்த்து ஊத்தாது?" என்றாள்.

"லாரி எங்க இருக்கு?"

"நேத்தே கெளம்பிடுச்சு. ஆயிரத்து இருநூறு வாத்து. சுருட்டி வச்சாலும் சரியா முப்பத்தாறு கனமீட்டர்."

எங்கள் வீடுகள் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது மாதிரி ஒடுங்கியவை. அதில் ஆயிரத்து இருநூறு வாத்துகளை வைத்தால் டிம்ஃபியும் டோனும் தெருவில்தான் படுக்க வேண்டும். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கிடங்குல எடையப் பாக்க மாட்டோம்டி. அடைக்கிற எடத்ததான் பாப்போம். மெஷின் மூணு பக்கமும் அளக்கும், அவ்வளவுதான்."

"வாத்துக்குள்ள இருக்கறது என்ன? கொஞ்சம் பஞ்சு. மிச்சமெல்லாம் காத்து." காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தன நாளா நான் காத்துக்கா வாடகை கட்டிக்கிட்டு இருந்தேன்?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. என் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

மெத்தைக் கடையில் சொல்லி, காற்றை உறிஞ்சிவிட்டு மூடும் தடித்த பைகளை வரவழைத்தாள். வீட்டுத் தூசி உறிஞ்சியை மாட்டி ஒரு வாத்தைச் சோதித்தோம். தட்டையாகத்தான் ஆனது. ஒன்பது நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது வாத்தின் கழுத்து வரும்போது உறிஞ்சி புகைந்தது. கிடங்கில் பண்டிகைச் சரக்கு ஏற்கும் கடைசி நாளுக்கு எட்டு நாளே இருந்தது.

டோன் வாரா வாரம் பால் வாங்கப் போகிறவன். "யானுஸோட பண்ணைல மாடு கறக்கப் பன்னெண்டு குழாய் சேந்தாப்ல உறிஞ்சுதே," என்றான்.

நாங்கள் இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். டோன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவான்.

யானுஸுக்கு அறுபத்தோரு வயது, கல்யாணம் ஆகாதவர், எழுபது மாடு. டிம்ஃபி சொன்னதைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கால கறவ ஒம்போது மணிக்கு முடியும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாடு தானா வந்து நிக்கும். அதுக்குள்ள முடிச்சுக்க. ஆனா ஒரு எறகு என் குழாய்க்குள்ள போச்சு, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

"எறகு இல்ல யானுஸ், பஞ்சு."

"குழாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான்."

லாரி நேராகப் பண்ணைக்கே வந்தது. ஆள் வேண்டுமே! நீச்சல்குளத்தில் செவ்வாய் காலை தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யும் அம்மாக்கள் பதினெட்டுப் பேரை டிம்ஃபி கூப்பிட்டாள். பதினெட்டுப் பேரும் வந்தார்கள், தலையில் நீச்சல் தொப்பியோடு. மாட்டுக் கொட்டகைக்குப் போகிறோம், தலைமுடி நாறக்கூடாது என்றார்கள்.

முதல் பையில் குழாயை மாட்டும்போதே யானுஸ் கையை உயர்த்தினார். "வடிகட்டி வேணும். இந்தப் பஞ்சு பறக்குது."

அம்மாக்களில் ஒருத்தி, எழுபத்தெட்டு வயது கோரி, வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலுறையைச் சரசரவென்று உருவினாள். "இந்தா, இத மாட்டு. நைலான். என்ன பாக்கற? திரும்பி நில்லு யானுஸ், இன்னொன்னும் வருது."

யானுஸ் சுவரைப் பார்த்து நின்றார். பன்னிரண்டு குழாய்க்கும் காலுறை கிடைத்தது. அவர் காது சிவந்தது மத்தியானம் வரைக்கும் தணியவில்லை.

பம்பு ஓடத் தொடங்கியது. அதை நான் எப்படிச் சொல்வேன்! கொழுகொழுவென்று இருந்த வாத்து, முதலில் வயிறு ஒடுங்கி, பிறகு கழுத்து மடங்கி, கடைசியில் அலகு மட்டும் துருத்திக்கொண்டு அப்பளம் போல் ஆகும். ஒவ்வொரு வாத்து சுருங்கும்போதும் பதினெட்டுப் பேரும் "ஓஓஓ" என்று இழுப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் வரிசையாக நின்று பார்த்தன. ஒரு சிவப்புப் பசு தலையை நீட்டி ஒரு வாத்தை நக்கி நக்கி முழுக்க நனைத்துவிட்டது. அதை அதற்கே கொடுத்துவிட்டோம். மத்தியானம் சூடாகத் தொத்திறைச்சி ரொட்டி. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் வாத்து. நாலே முக்காலுக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது வாத்து தட்டையானது. டிம்ஃபி சாணி ஈரத்தில் வழுக்கி வாத்துக் குவியலின்மேல் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்து சிரித்தாள். மாடுகள் வந்து நின்றதால்தான் எழுந்தாள்.

மறுநாள் கிடங்கு வாசலில் பெட்டிகளை நானே உருளும் பட்டையில் ஏற்றினேன். அளவு மெஷின் ஒவ்வொரு பெட்டியாக அளந்து கூட்டியது. ஒன்பது புள்ளி ஏழு. வரம்புக்குள்! கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது, கடைசிப் பெட்டியின் மூலை கிழிந்து ஒரு பை பொத்துக்கொண்டது. உருளும் பட்டையின்மேல் புஸ்ஸென்று ஒரு சத்தம். அலகு எழுந்தது. கழுத்து நிமிர்ந்தது. எங்கள் மேற்பார்வையாளர் ஃபாத்திஹ், சிரித்தே யாரும் பார்க்காத மனுஷர், துள்ளிப் பின்னால் குதித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரீக், இது... இது உசுரோட எந்திரிக்குதே! என் பொண்ணுங்களுக்கு ரெண்டு வேணும். பையோடயே வேணும், சொல்லிட்டேன். நானே வெட்டித் தொறக்கணும்."

சாயங்காலம் இதை டிம்ஃபியிடம் சொன்னேன். அவள் காப்பியைக்கூட முடிக்கவில்லை. கோரியைக் கூட்டிவந்து, கத்திரிக்கோலைக் கையில் கொடுத்து, டோனைப் படம் பிடிக்கவைத்தாள். படத்தில் கோரி பையின் ஓரத்தை வெட்டுகிறாள். வாத்து எழும்பி அவள் முகத்தில் மோதுகிறது. கோரி, "அடப் பாவி, எம் மொத புருஷன் மாதிரியே எந்திரிக்கிறியே!" என்கிறாள். அதை அப்படியே ஆன்லைன் சந்தையின் விற்பனைப் பக்கத்தில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் கிடங்கு வாசலில் வாத்து உள்ளே வந்ததைவிட வேகமாக வெளியே போனது. குழந்தைகள் வெட்டிப் படம் எடுத்தார்கள், தாத்தாக்கள் எடுத்தார்கள், ஒரு பல் மருத்துவர் நோயாளியின் மடியில் வைத்து எடுத்தார். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி அலமாரி காலி. டிசம்பர் வாடகை மூன்று மடங்கு என்றார்களே, மூன்று மடங்காக்க அங்கே எதுவும் இல்லை. அடுத்த நாள் இன்னொரு கடிதம் வந்தது. உங்கள் விற்பனை சிறப்பாக இருப்பதால் இடத்தை நாற்பது கனமீட்டராக உயர்த்த விரும்புகிறீர்களா?

டிம்ஃபி நின்றபடியே பதில் தட்டினாள். "வேண்டாம். நாங்கள் ஒல்லி."

டிசம்பர் ஐந்து மாலை பரிசோடு கேலிப்பாட்டும் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று பதினெட்டு அம்மாக்களும் பண்ணை வீட்டில் கூடினார்கள். டிம்ஃபி நீட்டிய உறையை யானுஸ் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உரக்க வாசித்தார்.

"எழுபது மாட்டுக்கு ஒரே மாப்பிள்ளை,
ஊரைத் தாண்டிப் போனதே இல்லை.
கறக்க வேறொரு ஆள் பிடிச்சாச்சு,
கடல் பார்க்கவே டிக்கெட் எடுத்தாச்சு!"

உறைக்குள் போர்டோவுக்கு விமானச் சீட்டு இருந்தது. ஐந்து நாள். டிம்ஃபியும் டோனும் தையற்கூடத்துப் பெண்களைப் பார்க்கப் போகிறார்கள், இவரும் கூட. மாடுகளுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கறவைக்காரர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷமா ஒரு கறவ விட்டதில்ல," என்றார் யானுஸ். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடலுக்கு என்ன சட்ட போட்டுக்கணும்?"

பதினெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். ஒருத்தி சொன்னதுகூட அவர் காதில் விழுந்திருக்காது.