பாய்லருக்குத் தையல் போட்ட கன்னையா

கன்னையாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், வேலை நடக்கும். கிள்ளானில் கப்பல் விரிப்புகளை வெளுத்துக் கொடுத்த ஒரு சலவைச்சாலையில் வெந்நீர் பாய்லருக்கு நெருப்புப் போடுகிறவர் அவர். அதற்கு முன் எட்டு வருஷம் ரயில்வே பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர்.

1927இல் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த வார்ப்பிரும்பு பாய்லரின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் கண்டு தண்ணீர் கசிந்தது. கன்னையா நெருப்பை வெளியே வாரிப் போட்டுவிட்டு, முன்கட்டில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவிடம் ஓடினார்.

“ஐயா, பாய்லர் வெடிச்சிருச்சு!”

குதிகால் வெடித்தாலும் சுவர் வெடித்தாலும் நம் ஆட்களுக்கு அது ‘வெடிச்சிருச்சு’தான். வேறு சீமைத் தமிழ் பேசும் கார்த்திகேசுவின் காதிலோ குண்டே விழுந்தது. மனிதர் குடையைக்கூட எடுக்காமல் தபால் நிலையத்துக்கு ஓடி, பாய்லர் வெடித்துச் சிதறிவிட்டதென்று கோலாலம்பூரிலிருந்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் தந்தி அடித்துவிட்டார். திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், பாய்லர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

மாலைக்குள் பதில் தந்தி வந்தது. தண்ணீர் இல்லாமல் எரித்ததால்தான் வெடித்திருக்கும், குற்றம் கன்னையாவுடையது. வெள்ளிக்கிழமை துரை வருவார். அதற்குள் ஆள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பெயரோடு போகிறவனை நம்பிக் கிள்ளானில் எவரும் ஓர் அடுப்பைக்கூட ஒப்படைக்க மாட்டார்கள். கார்த்திகேசு தந்தியைப் படித்துச் சொன்னாரே தவிர, தாம் என்ன எழுதி அனுப்பினார் என்பதை மென்று விழுங்கிவிட்டார்.

கன்னையாவின் மனைவி வீரம்மா சட்டிபானைகளைக் கட்டத் தொடங்கினாள்.

“நீ கட்டு. நான் அதைத் தைச்சிட்டு வரேன்” என்றார் கன்னையா. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

வார்ப்பிரும்பைக் காய்ச்சி ஒட்டப் போனால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார். ஊறி வந்த எண்ணெய், விரிசல் எங்கே முடிகிறதென்று காட்டிக்கொடுத்தது. மேலும் ஓடாமலிருக்க இரு முனையிலும் துளை போட்டார். பிறகு விரிசல் நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றையொன்று கடித்தாற்போலச் செப்புத் திருகாணிகளை முறுக்கி இறக்கினார். கிழிந்த சாக்கைத் தைப்பது போலத்தான். மிச்ச இடுக்குகளில் இரும்புத்தூளையும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் வாங்கிய நவச்சாரத்தையும் குழைத்து அடைத்தார். அது துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். எல்லாரும் துருவுக்குப் பயப்படுவார்கள். இவர் அதையே பசையாக்கினார். அந்த மூளையை எத்தனை மெச்சினாலும் தகும்.

புதன்கிழமை அவர் அடைப்பை உளியால் இடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது கார்த்திகேசு மெல்ல வந்து நின்றார்.

“கன்னையா, பிழை என்னுடையது. பாய்லர் சிதறிப்போச்சுதெண்டு நான்தான் தந்தியிலை எழுதிப்போட்டன்.”

கண் கலங்கியிருந்தது. அவர் குடும்பத்துக்கும் இதே சலவைச்சாலைதான் சோறு. கன்னையா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலை. மறுபடி இடிக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிறு தீயாகப் போட்டார். துரை வந்தபோது பாய்லரில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. தையலில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. துரை அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கிராணி பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“யார் பொய் சொன்னது?”

கார்த்திகேசு வாயைத் திறப்பதற்குள் கன்னையா முந்திக்கொண்டார்.

“யாரும் பொய் சொல்லலீங்க தொரை. விரிசலையும் நாங்க வெடிச்சதுன்னுதான் சொல்லுவோம். நான் சின்னதா சொன்னேன், ஐயா பெருசா எடுத்துக்கிட்டாரு. என் மேல தப்பில்லன்னு மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

துரை கிராணி பக்கம் விரலை நீட்டி, “எழுது” என்றார்.

கார்த்திகேசு ஆங்கிலத்தில் எழுதி, துரையின் கையொப்பம் வாங்கி, தாளைக் கன்னையாவிடம் நீட்டினார்.

“என்ன எழுதினனெண்டு தமிழிலை சொல்லட்டோ?”

கன்னையா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வேணாங்க ஐயா. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்.”