முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு

நேற்று மத்தியானம் ஓர் அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டுக் கைபேசியைப் பார்த்தால், அந்தப் பேராசிரியர் காலமானார் என்று செய்தி வந்திருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்துகொண்டு கருத்துகளின் வரலாற்றை எழுதியவர். விமர்சனக் கோட்பாட்டில் பெரிய ஆள். படமும் போட்டிருந்தார்கள். நான் மனசில் வைத்திருந்த முகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் அவருக்கு ஒரு தாடி வைத்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார் அந்த அம்மா.

"தெரிஞ்சவரு ஒருத்தரு தவறிட்டாரு."

"அய்யோ, சொந்தமா?"

பச்சையில் ஒரு டஜன் தரட்டுமா என்று கேட்டுவைத்தேன்.

நம் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் முதல் வேலை கேதம் சொல்வது. யாருக்குச் சொல்லணும், யார் வந்து கேதம் கேட்பார்கள் என்று ஒரு முறை இருக்கிறது. சங்கரன்கோவிலில் இத்தனை தெரு, இத்தனை ஜனம். இந்தச் சாவைச் சொல்ல எனக்கு ஒரு வாசல்கூட இல்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "கடல் தாண்டிச் செத்தவருக்கு இங்கன சாப்பிடாம இருந்தா ஆச்சா? வாங்க, சோறு ஆறுது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

வெளியே ஒரு சைக்கிளில் மல்லிகைப்பூ மூட்டை போனது. அந்த வாசனைக்கு உடனே செல்லையா ஞாபகம் வந்துவிட்டான். செல்லையா குருவிகுளம் பக்கத்துக் கிராமத்தான். வீட்டில் ஆடு உண்டு, மானாவாரி நிலம் உண்டு, சரித்திரத்தில் எம்.ஏ. உண்டு, வேலைதான் இல்லை. பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஓர் எம்.ஏ. இருந்தது. அதை வைத்துக்கொண்டு அப்பாவின் பேன்சி ஸ்டோரில் சாந்துப்பொட்டு விற்றேன். கோவில் நடை சாத்தினால் எங்கள் தெரு படுத்துவிடும். அப்பா வீட்டுக்குத் தூங்கப் போவார். மார்க்கெட்டும் முடிந்திருக்கும். அந்த மத்தியானங்கள் எங்கள் இருவருக்கும் சொந்தம்.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில்தான் பேராசிரியரின் எழுத்தை முதலில் பார்த்தோம். ஏதோ கல்லூரி நூலகம் கழித்துப் போட்ட புத்தகம். எப்போதும் ஒரே பிரதிதான் கிடைக்கும். நான் முடிக்கும்வரை அவனுக்குப் பொறுமை கிடையாது, எனக்கும் அப்படியே. அதனால் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய் நடுவில் வெட்டித் தனித்தனியாகத் தைத்து வாங்கிவிடுவோம். "தனியா வந்தத ஒண்ணாத் தைக்கத்தான் என்கிட்ட வருவாங்க. நீங்க என்னப்பா, நல்லா இருக்கத வெட்டச் சொல்லுதிய" என்று பைண்டர் ஒவ்வொரு முறையும் வருத்தப்படுவார். முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வோம். அவன் தரும் பாதி மல்லிகை மணக்கும். என் பாதியில் கண்மை அப்பியிருக்கும்.

கதைப் புத்தகத்தை இப்படிப் படிக்க முடியாது. இதைப் படிக்கலாம் என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டோம். மூன்றாவது புத்தகத்தில் அந்த நினைப்பு உடைந்தது. மனுஷன் அடிப்படையில் மாறவே மாட்டான் என்று பேராசிரியர் சொல்வதாகச் செல்லையா அடித்துப் பேசினான். மாறாதது என்று ஒன்றுமே இல்லை என்கிறார் என்று நான் நின்றேன். இருவர் கையிலும் அச்சடித்த ஆதாரம் இருந்தது. குரல் ஏறி, பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து, "என்னவே, பாகப்பிரிவினையா?" என்று கேட்கிற அளவுக்குப் போனது. சில நாள் பேச்சுவார்த்தையே இல்லை. பிறகு வேண்டா வெறுப்பாகப் பாதிகளை மாற்றிக்கொண்டோம்.

மறுநாளே செல்லையா வந்துவிட்டான். பேராசிரியர் முன்பாதி முழுக்க எதிராளிகளின் வாதத்தை எடுத்து வைத்துவிட்டு, பின்பாதியில் ஒவ்வொன்றாக உடைத்திருந்தார். செல்லையா நம்பியது எதிராளி கட்சியை.

"எதிராளி பேச்ச இம்புட்டு நேர்மையா எடுத்துச் சொன்னா, நம்பாம என்ன செய்ய வே?" என்றான். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் ஒரு டப்பா பாசிமணி கொட்டிப்போனது. அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அந்தப் புத்தகங்களில் எங்களுக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒன்று நன்றாக ஒட்டிக்கொண்டது. "காலங்காலமாக இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், "எப்பத்திலிருந்து?" என்று கேட்க வேண்டும். நான் அதை அப்பாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி. செல்லையா முதலாளியிடமே கேட்டுவிட்டான். இளையரசனேந்தலில் இருந்து பூ விளைத்துக் கொண்டுவரும் சம்சாரி ஒருவர், முதலாளியைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாராம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் என்ன என்றிருக்கிறான் இவன். "அது காலங்காலமா உள்ள வழக்கம்லா" என்று முதலாளி சொல்ல, "எப்பத்துல இருந்து?" என்று கேட்டிருக்கிறான்.

"என்ன வே சொன்னாரு?" என்றேன் பதற்றத்தோடு.

"நாளையிலிருந்து நீ வரண்டாம்னு சொல்லிட்டாரு."

பேராசிரியருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, சங்கடப்பட்டிருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த வாரமே செல்லையா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். நாலாவது புத்தகத்தின் முன்பாதியும் அவன் பெட்டியில் போனது. முதல் ஒரு வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தான். அடுத்து கல்யாணம், பிள்ளைகள், சொந்த யூனிட். எனக்கு மத்தியானங்கள் அப்படியே இருந்தன. கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணுக்கு முன்னால் இல்லாதவனோடு வாதம் பண்ணிக்கொண்டிருப்பேன். அவன் பேச வேண்டியதையும் நானே பேசுவேன். எதிராளி கட்சிக்கு ஆள் இல்லாமல் எவ்வளவு காலம் ஜெயிப்பது? புத்தகங்கள் எல்லாம் இப்போது கைபேசியிலேயே முழுசாகக் கிடைக்கின்றன. நான் திறந்து பார்த்ததில்லை.

இன்று காலையும் செல்லையாவிடமிருந்து வழக்கம்போல ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் வந்தது. மனசு கேட்காமல் மத்தியானம் கூப்பிட்டுவிட்டேன்.

"செல்லையா, அவரு தவறிட்டாரு வே" என்று பேராசிரியரின் பெயரைச் சொன்னேன். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்தப் பெயரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அந்த முனையில் தையல் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன.

"யாரு... பனவடலிசத்திரத்துல டெய்லர் கடை வச்சிருந்தாரே, அவரா?"

அந்த டெய்லரை எனக்கும் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அதற்கு மேல் எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும்!

"ஆமா வே" என்றேன்.

"அடப்பாவமே. என்ன செஞ்சுதாம்?"

"வயசுதான்."

"நல்ல மனுசன் வே. ஒரு நாளும் அதிர்ந்து பேச மாட்டாரு." அவன் குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது. "நீரு போனா எம் பேருக்கும் ஒரு மாலை போட்டுரும்."

"போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கோவில் நடை சாத்தியாகிவிட்டது. தெருவில் ஆளில்லை. அந்தப் புத்தகங்களை இரண்டு பேர் சேர்ந்து படித்தார்கள் என்று சொல்ல இனி இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.