எருசலேமில் வாங்கிய வெள்ளைத்துணி

எங்கள் பங்குக் கோவிலிலிருந்து புனித நாட்டுக்கு யாத்திரை புறப்பட்டபோது, மனைவி மொன்றியலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கு லீவு இல்லை. நீங்கள் ஒரு வெள்ளைத்துணி வாங்கி, ஆண்டவரைக் கிடத்தின கல்லில வைச்சுக் கொண்டுவாங்கோ" என்றாள்.

எருசலேமில் கல்லறைக் கோவிலில் அந்தக் கல்லின் மேல் துணியை விரித்தேன். மொன்றியலுக்குப் பக்கத்து லவாலிலிருந்து கூட வந்த அக்கா ஒருவர் மெல்லக் கேட்டார்.

"தம்பி, இது ஆருக்கு? செத்தாப்பிறகு போர்த்தத்தானே இப்பிடி வைச்சு எடுக்கிறது."

கல்லின் குளிர் கையில் ஏறியது. டெலிபோன் காட் வாங்கி வீட்டுக்குக் கோல் எடுத்து, துணி ஆருக்கு என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாங்கோ, பேந்து கதைப்பம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், துணியைத் தன் உயரத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"அளவு சரி."

தனக்குப் புற்றுநோய் என்பது நான் புறப்படுமுன்பே அவளுக்குத் தெரியுமாம். சொன்னால் நான் போகமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்த கல்லறையையும் முத்தமிட்டு வந்தவன்தான் நான். ஆனாலும் அலுமாரியில் அந்தத் துணி இருக்கும் பக்கம் இன்றுவரை என் கை போவதில்லை.