துரும்பு மாறியபோது

மூன்று வருடங்களுக்கு முன், மாரி காலத்து ஒரு காலையில், உருத்திரபுரத்திலிருந்து என் தம்பியை வவுனியாவில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவனுக்கு முப்பத்தாறு வயது. சீட்டாடுவதற்காக வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரை விற்றிருந்தான். அது களவு போய்விட்டதென்று எங்களோடு சேர்ந்து தேடவும் செய்தான். பிடிபட்டபோதுகூட முகம் மாறவில்லை. அவன் ஒருமுறையாவது வருந்தினால் போதும் என்பார் அம்மா. எனக்கும் அதுவே ஆசை.

மருத்துவர் இளம் பெண். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு மேசையில் சில அட்டைகளைப் பரப்பினார். நிறம், வடிவம், எண்ணிக்கை, இவற்றில் ஒன்றைப் பார்த்து அட்டைகளைப் பொருத்த வேண்டும். எதைப் பார்ப்பதென்று சொல்லமாட்டார். சரி, பிழை என்று மட்டும் சொல்வார்.

தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அக்கா, இவாவுக்கு நான் ஆரெண்டு தெரியாது."

நிறம் என்பதைச் சட்டென்று பிடித்துவிட்டான். பிறகு மருத்துவர் சொல்லாமலே விதியை வடிவத்துக்கு மாற்றினார். "பிழை." அவன் மறுபடியும் சிவப்பின்மேல் சிவப்பை வைத்தான். "பிழை." எனக்கு விளங்கிவிட்டது, அவனுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில், வெட்டுகிற சீட்டுக்குத் துரும்பு என்று பெயர். ஒருமுறை வைத்த துரும்பு அந்தச் சுற்று முடியும்வரை மாறாது.

"இடையில துரும்பை மாத்துறியளோ டொக்டர்? இது கள்ள விளையாட்டு!"

"ஓம், மாத்தினனான். மாறினதைப் பிடியுங்கோ பாப்பம்."

சொன்ன பிறகும் அவன் கை சிவப்புக்கே போனது. நெற்றி வியர்த்திருந்தது.

அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் என்னிடம் சொன்னார்: "பொய் சொல்லுறதும் மற்றவையின்ர நோவு விளங்காததும் அவரின்ர சுபாவம். ஆனா தோத்த வழியை விட்டுத் திரும்புறது அவருக்கு உண்மையாவே கஷ்டம் அக்கா. வேணுமெண்டு செய்யேல்லை. நாள் எடுக்கும், விடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ."

திரும்பும் வழியில் மாங்குளத்தில் பஸ் நின்றது. "சோடா வாங்கிக்கொண்டு வாறன்" என்று இறங்கினான். பஸ் புறப்பட்டபோது கடை வாசலில் அவன் இல்லை. மன்னாரில் கண்டதாக ஒருவர் சொன்னார், கொழும்பில் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

எந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டாவது அவன் வாசலில் வந்து நிற்கமாட்டானா என்று மனம் ஏங்குகிறது; அந்தப் பொய்யைக் கோபமில்லாமல் கேட்க என்னால் முடியும் என்பதை, அவன் கை சிவப்பை விட முடியாமல் தவித்த அந்த மேசையருகில்தான் அறிந்துகொண்டேன்.