வியர்க்காத மகள்

என் மகளுக்கு வியர்க்காது. வலியும் தெரியாது.

பிறந்த முதல் கோடையிலேயே அவள் உடம்பு கொதித்தது. உத்திரமேரூரில் நாங்கள் காட்டாத டாக்டர் இல்லை. மருந்துக்கு இறங்காத சூடு, ஈரத்துணியைப் போர்த்தினால் இறங்கியது. பல் முளைத்ததும் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பயந்துபோய்ச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புகள் கருவிலேயே சரியாக வளரவில்லை, வியர்வை இல்லாததும் அதனால்தான் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகுமாம். நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன்.

"மருந்து இல்லம்மா. உடம்பு சூடாகாம பாத்துக்கணும். அடிபட்டாலும் அவ சொல்ல மாட்டா, நீங்கதான் தினமும் தேடிப் பாக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவளை மடியில் கிடத்தி, உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்ப்பேன். வலிதான் தெரியாது, தொட்டால் அவளுக்குக் கூச்சம் உண்டு. நெளிந்து நெளிந்து சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ள டீச்சர் விட்டார். லீவு நாளில் மதியம் நெல் வயலுக்கு நடுவே பம்புசெட் தொட்டியில் உட்காரவைப்போம். அவள் வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்மேல் பொறாமை.

எட்டு வயதில் ஒருநாள் அந்தத் தொட்டிச் சுவரிலிருந்து குதித்துவிட்டு, வீடு வரை நடந்தே வந்தாள். என் கணவர்தான் முதலில் கவனித்தார்.

"இன்னாடி இது, காலு இப்டி வீங்கிக்கீது?"

"தெர்ல நைனா. குதிச்சேன், அவ்ளோதான்."

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து வைக்கும்போது, அவள் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒன்னுமில்லியே, நீ ஏம்மா அழுவுற?"

"எனக்கு வலிக்குதுடி."

"எங்க?"

எந்த இடத்தைக் காட்டுவது? கொஞ்ச நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்து என் கண்ணையும் கன்னத்தையும் துடைத்துவிட்டாள்.

கட்டு நனையக் கூடாது, உடம்பு நனைய வேண்டும். அந்தக் கோடை முழுக்க என் கணவர் அவள் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். வேலையிலிருந்து வந்து சாப்பிடக்கூட மாட்டார், முதலில் அதுதான். ஊற்றி முடித்ததும் இரண்டு பேரும் ஈரத்தோடு ஈரமாக உட்கார்ந்து எதையாவது பேசிச் சிரிப்பார்கள்.

கால் லேசாகக் கோணித்தான் கூடியது. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. கண்ணாடி வைத்துப் பாதத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாள். போன வாரம், "அம்மா, முள்ளு! நானே கண்டுபுட்ச்சேன்" என்று பரீட்சையில் பாஸான மாதிரி ஓடிவந்து காட்டினாள்.

இந்த வருஷம் சைக்கிள் கேட்டாள். என் கணவர் தயங்கினார், நான்தான் வாங்கச் சொன்னேன். விடியற்காலையில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்புகிறாள்.

"வெயில் ஏர்றதுக்குள்ள வந்துட்றேம்மா."

சொன்னபடி வந்துவிடுகிறாள். அதுவரை எனக்கு அடுப்பில் கவனம் நிற்பதில்லை.