பெட்டிக்கு வைத்த பொட்டு

பெங்களூர் மர்பி டவுன் ஜெயலக்ஷ்மிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலையில் சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு வாடகை ஷெட்டைப் பிடித்துக் கடை விரித்த மினாமோரி என்ற ஜப்பான் கம்பெனி, அந்தச் சுத்தத்துக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தது. கம்ப்யூட்டர் சிப் செய்கிற சிலிக்கான் தட்டுகளைக் கழுவும் மெஷின் செய்பவர்கள் அவர்கள். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று தெருவில் விளக்கம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த அண்ணனுக்குத் தூசி ஆகாது. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று உட்கார்ந்தாலும் தட்டு குப்பைக்குத்தான். அதனால் மெஷின் இருக்கும் அறைக்குள் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்போடுதான் போகவேண்டும். பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டும் கூடாது. பெண்கள் கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளால், உடை மாற்றும் அறைக் கண்ணாடிக்கு அம்மை போட்டதுபோல இருக்கும்.

1995. பெங்களூரிலேயே பூட்டிய முதல் மெஷின் தயார். அதைச் சோதிக்க ஜப்பானிலிருந்து நகாய் என்ற பெரியவர் வந்திருந்தார். தேறினால் தொடர்ந்து மெஷின்கள் இங்கேயே பூட்டலாம், தேறாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. மேனேஜர் சுந்தரேசன் இதை எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். ஜெயலக்ஷ்மி வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். புருஷன் வேலை பார்த்த மில் மூடியாயிற்று, இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில். இந்தச் சம்பளம் போனால் அடுப்பு எரியாது.

கெட்ட காலம், சோதனைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பீன்யா முழுக்க லேத்துக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, வாசலுக்கு வாசல் பூசணிக்காய். மினாமோரியில் மட்டும் வாசலோடு பொரி கடலை. ஜெயலக்ஷ்மிக்கு மனசே ஆறவில்லை. கடைசியாகத் துடைத்துவிட்டு வரும் வேலை அவளுடையது. கையுறைக்குள் ஒரு சிட்டிகை குங்குமத்தை மடித்து வைத்துக்கொண்டு போனாள். மெஷினின் முதுகுப்பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு பொட்டு வைத்து, கும்பிட்டுவிட்டு வந்தாள். அப்புறம்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மெஷினின் காற்றாடியைப் போட்டதும் தூசி எண்ணும் கருவி அலறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. நகாய் டார்ச் அடித்துத் தேடி, சிவந்த விரல் நுனியை வெளியே கொண்டுவந்து காட்டினார். சுந்தரேசன் முகத்தில் ஈயாடவில்லை. யார் வேலை இது என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்," என்றாள் ஜெயலக்ஷ்மி. "லேத்துக்குப் பொட்டு இருக்குது, ஆட்டோவுக்குப் பொட்டு இருக்குது. இது மட்டும் என்னா அநாதையா?"

சுந்தரேசன் தலையிலடித்துக்கொண்டு அதை இங்கிலீஷில் சொன்னார்.  நகாய் சிரித்தாரே பார்க்கணும், தோள் குலுங்க! புத்தாண்டுக்குத் தங்கள் தொழிற்சாலையிலும் சாமி கும்பிடுவோம், வைக்கோல் கயிறு கட்டுவோம், ஆனால் எல்லாம் கதவுக்கு வெளியே என்றார். சாமி உள்ளே வந்தால் சாமிக்கும் வெள்ளை உடுப்பு போடவேண்டுமே என்றார். சிரிப்பு முடிந்ததும், மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், நான் ஊருக்குப் போவதற்குள் தேறவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பெரிய இன்ஜினியர் முதல் வாட்ச்மேன்வரை துடைத்தார்கள். ஜெயலக்ஷ்மி எல்லோரையும் விரட்டி விரட்டித் துடைக்கவைத்தாள், தப்பு செய்தவள் என்ற கூச்சம் கொஞ்சமாவது இருக்கவேண்டாமா? நகாய் கிளம்புகிற அன்று காலை கருவி வாயைத் திறக்கவில்லை. மெஷின் ஜப்பானுக்கு அனுப்பும் மரப்பெட்டிக்குள் போய் ஆணி அடித்தாயிற்று. நகாய் அவளைக் கூப்பிட்டு, பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அவள் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தாள், கண்ணீரும் சிரிப்புமாக.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடைசிச் சோதனை தேறினால்தான் பெட்டிக்குப் பொட்டு. சிப் வியாபாரம் படுத்த வருஷத்தில் எல்லோரும் பயந்தார்கள், அதுவும் தாண்டிப் போயிற்று. ஷெட் போய் ஹெப்பகோடிப் பக்கம் சொந்தக் கட்டடம் வந்தது. ஜெயலக்ஷ்மி பேக்கிங்குக்குப் பொறுப்பாளி ஆனாள்.

2006-ல் பெரியவள் கல்யாணம். ஜெயலக்ஷ்மி ஒரு மாதமாக லீவில் இருந்தாள். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது சுந்தரேசன் மொய்க் கவரோடும் முகம் நிறைய சங்கடத்தோடும் வந்தார். ஜப்பானிலிருந்து மெயில் வந்திருந்தது. இந்தமுறை வந்த பெட்டியில் சிவப்பு அடையாளம் இல்லை, மெஷின் சோதனையில் தேறியதா, திறக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். தேறிய காகிதம் உள்ளேயே இருக்கிறது என்று பதில் போட்டும் அவர்கள் ஆணியைத் தொடவில்லையாம்.

ஜெயலக்ஷ்மி வாளியைக் கீழே வைத்தாள். மணமேடைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்துக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"கூரியர்ல போடுங்க சார். வெளியதான் வைக்கணும், உள்ள வேணாம்னு சொல்லிடுங்க."